அத்தியாயம் 6: வேலைக்குப் போய்க்கொண்டே சிஏ ஃபைனல்

இந்த அத்தியாயம் யாருக்கு என்பதை முதலில் சொல்லிவிடுவது நல்லது. ஆர்ட்டிகிள்ஷிப் முடித்து, ஒரு கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் பிரிவிலோ ஆடிட் ஆபீஸிலோ சம்பளத்துக்குச் சேர்ந்துவிட்டீர்கள். ஃபைனல் இன்னும் பாக்கி. வீட்டில் வயதான பெற்றோரோ, புதிதாகக் கல்யாணமான துணையோ, எல்கேஜி போகும் குழந்தையோ இருக்கிறார்கள். முழுநேரமாக உட்கார்ந்து படிப்பவர்களுக்காகப் போட்ட ‘தினம் 12 மணி நேரம்’ அட்டவணைகள் உங்களுக்கு ஆகாது. அவற்றைச் சுவரில் ஒட்டினால் தினமும் பார்த்துப் பார்த்துக் குற்றவுணர்ச்சிதான் மிஞ்சும்.

உங்களுக்கான வரிசை இது: முதலில் அட்டெம்ட், அடுத்து குரூப், அடுத்து மணிக்கணக்கு, அதன்பின் வீட்டாரிடம் பேச்சு. புத்தகம் கடைசியில்தான். பலரும் தலைகீழாகப் போகிறார்கள். ஆன்லைன் வகுப்புக்குப் பணம் கட்டி முடித்த பிறகுதான் எந்த மாதம் எழுதுவது என்றே யோசிக்கிறார்கள்.

## எந்த அட்டெம்ட்?

2025 முதல் ஃபைனல் தேர்வு ஆண்டுக்கு மூன்று முறை நடக்கிறது: ஜனவரி, மே, செப்டம்பர். ‘இது போனால் நாலு மாதத்தில் அடுத்தது’ என்ற நினைப்பு வேலைக்குப் போகிறவரைத்தான் அதிகம் ஏமாற்றும். மூன்றில் உங்களுக்கு உண்மையில் ஒத்துவருவது ஒன்றுதான், மிஞ்சினால் இரண்டு. ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள்.

1. தேர்வுக்கு முந்தைய மூன்று மாதங்களில் ஆபீஸில் என்ன நடக்கும் என்று எழுதுங்கள். ஆடிட் ஆபீஸ் என்றால் ஏப்ரலில் பேங்க் ஆடிட். கிளை கிளையாக அலைந்துவிட்டு மே மாதம் தேர்வு எழுதுவது பெரிய சிரமம். ஜூலை தொடங்கி செப்டம்பர் வரை ரிட்டர்ன், டாக்ஸ் ஆடிட் சீசன். ஆக, ஜனவரிதான் ஓரளவு மூச்சு விடும் அட்டெம்ட். அதிலும் டிசம்பர் 31 கெடு உள்ள ஜிஎஸ்டி ஆண்டு ரிட்டர்ன் குறுக்கே வரும். அந்த வேலையை நவம்பரிலேயே முடித்துக்கொள்ள முடியுமா என்று பாருங்கள்.
2. கம்பெனி அக்கவுண்ட்ஸ் என்றால் மார்ச் குளோசிங்கும் அதைத் தொடரும் ஸ்டாட்யூட்டரி ஆடிட்டும் மே அட்டெம்டை விழுங்கிவிடும். உங்களுக்குச் செப்டம்பர் பொருந்தும். லிஸ்டட் கம்பெனி என்றால் ஜூன் காலாண்டு முடிவுகள் ஆகஸ்ட் நடுவில் முடியும். அதற்கு அடுத்த நாளிலிருந்து லீவு கேளுங்கள்.
3. இப்போது வீட்டு நாள்காட்டி. மே என்றால் குழந்தைகளுக்கு லீவு, ஊரிலிருந்து விருந்தாளிகள், வெயில். செப்டம்பருக்கு முன்னால் ஆவணி முகூர்த்தங்கள். ஜனவரியில் பொங்கல். 2025 ஜனவரி 14 அன்று வைத்திருந்த ஃபவுண்டேஷன் தாளைப் பொங்கலுக்காக 16-ஆம் தேதிக்கு மாற்றினார்கள். மாற்றினாலும் வீட்டில் பால் பொங்கும் நாளில் நீங்கள் அறைக்குள் இருப்பீர்கள் என்பது மாறாது.

மூன்று பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எது குறைவாக அடிபடுகிறதோ அதுதான் உங்கள் அட்டெம்ட்.

## ஒரு குரூப்பா, இரண்டுமா?

விதிகளைத் தெளிவாகத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். புதிய பாடத்திட்டத்தில் இரண்டு குரூப், குரூப்புக்கு மூன்று தாள். ஒவ்வொரு தாளிலும் 40, குரூப் மொத்தத்தில் 50 சதவீதம், அதாவது 300-க்கு 150. 75, 70, 39 வாங்கியவர் 184 எடுத்தும் தோற்றவர்தான். இந்த 39-ஐ மறக்காதீர்கள். படிப்பு நேரத்தைப் பிரிக்கும்போது மறுபடி வரும்.

இரண்டு குரூப்பையும் சேர்த்து எழுதுவதில் ஒரு லாபம் உண்டு. முதல் குரூப்பில் 45, 48, 42 என்று 135. தனியாக எழுதியிருந்தால் ஃபெயில். இரண்டாவதில் 62, 55, 50 என்று 167. இரண்டும் சேர்ந்து 302, ஆறு தாளிலும் 40-க்கு மேல். இரண்டு குரூப்பும் பாஸ். இந்தக் கணக்கைக் காட்டித்தான் ‘போத் குரூப் போடு’ என்று நண்பர்கள் சொல்வார்கள்.

என் அபிப்பிராயம் வேறு. முழு நாள் வேலையும் வீட்டுப் பொறுப்பும் இருந்து, தேர்வுக்கு முன் இரண்டு மாதமாவது லீவு கிடைக்காது என்றால் ஒரு குரூப் போடுங்கள். ஆறு தாளை அரைகுறையாகப் பார்த்தால் ஈடுகட்டக் கூடுதல் மார்க் எந்தத் தாளிலும் இருக்காது.

கவனிக்க: தோற்ற குரூப்பில் ஏதாவது ஒரு தாளில் 60 எடுத்திருந்தால் அடுத்த மூன்று தேர்வுகளுக்கு அந்தத் தாளில் எக்ஸம்ப்ஷன் கிடைக்கும். ஆனால் அந்தக் குரூப்பின் எல்லாத் தாளையும் எழுதியிருக்க வேண்டும். முதல் தாள் சொதப்பிவிட்டது என்று மூன்றாவது தாளுக்குப் போகாமல் வீட்டில் இருந்துவிடுகிறவர்கள், இரண்டாவதில் எடுத்த 65-ஐயும் தூக்கிப் போடுகிறார்கள். என்ன ஆனாலும் கடைசித் தாள்வரை போங்கள்.

## உண்மையான மணிக்கணக்கு

1. அடுத்த ஒரு வாரம் எதையும் மாற்றாதீர்கள். எத்தனை மணிக்கு எழுகிறீர்கள், எப்போது வீடு திரும்புகிறீர்கள், போனில் எவ்வளவு போகிறது என்று மட்டும் குறியுங்கள்.
2. அதிலிருந்து படிக்கக்கூடிய நேரத்தை எடுங்கள். வாரநாளில் இரண்டரை மணி, சனிக்கிழமை ஆறு, ஞாயிறு ஐந்து என்று வைத்தால் வாரம் 23.5 மணி.
3. அதில் கால் பாகத்தைக் கழியுங்கள். குழந்தைக்குக் காய்ச்சல், மாத முடிவு, கேஸ் சிலிண்டர், பெரியப்பா வருகை, எல்லாம் அந்தக் கால் பாகத்தில்தான் நடக்கும். மிச்சம் சுமார் 17 மணி.
4. 30 வாரத்துக்கு 510 மணி. மூன்று தாள் என்றால் தாளுக்கு 170.

இந்த 170-ஐ வைத்துக்கொண்டு வகுப்புகளைப் பாருங்கள். ஒரு தாளுக்கான வீடியோ வகுப்பே நூறு மணியைத் தாண்டும். அதை முழுதாகப் பார்த்து, நோட்ஸும் எடுத்து, திரும்பவும் ஒரு தரம் ஓடவிட்டால் கணக்குப் போட்டுப் பார்க்கவே நேரம் இருக்காது. ஏற்கனவே ஒரு முறை வகுப்பு கேட்டவர் மறுபடி கேட்க வேண்டாம். புரியாத பாடத்துக்கு மட்டும் வீடியோ. மீதிக்கு இன்ஸ்டிட்யூட்டின் ஸ்டடி மெட்டீரியல்.

டிப்: ரயிலிலோ பஸ்ஸிலோ போகிறவர்கள் அந்த நேரத்தை ஆடிட் தாளுக்கும் எம்சிக்யூவுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஃபைனான்ஷியல் ரிப்போர்ட்டிங் கணக்கை நின்றுகொண்டே போட முடியாது. டூவீலரில் போகிறவர்கள் ஹெட்போனில் பாடம் கேட்கவே வேண்டாம்.

## வீட்டாரிடமும் மேலதிகாரியிடமும்

‘நான் படிக்கணும், யாரும் தொந்தரவு பண்ணாதீங்க’ என்று பொதுவாகச் சொன்னால் யாருக்கும் எதுவும் புரியாது. நேரம், வேலை, முடியும் தேதி மூன்றையும் சொல்லிக் கேளுங்கள். மாமியாரோடு இருக்கும் மருமகள் இப்படிக் கேட்கலாம்:

“அத்தை, ஜனவரி எக்ஸாம் முடியற வரைக்கும் ராத்திரி எட்டரைலேர்ந்து பத்தரை வரைக்கும் நான் படிக்கணும். அந்த நேரத்துல தோசை மட்டும் நீங்க ஊத்திக் குடுத்துடறீங்களா? காலைல டிபன், மத்தியான டப்பா எல்லாம் நானே பாத்துக்கறேன்.”

எதை விட்டுக்கொடுக்கச் சொல்கிறோம், பதிலுக்கு எதை நாம் எடுத்துக்கொள்கிறோம் என்று இரண்டும் அதில் இருக்கிறது. கணவன்மார்களுக்கும் இதுவேதான். தேர்வு என்று சொல்லிக் கணவன் அறைக்குள் போய்விட்டால் வீட்டு வேலை முழுவதும் மனைவி தலையில் விழுகிறது. அதற்கு ஒப்புக்கொள்வது அவர் கடமை என்று நினைத்துக்கொண்டு கேட்காதீர்கள். பாத்திரம் கழுவுவதோ, குழந்தையைப் பள்ளியில் விடுவதோ, ஒரு வேலை உங்கள் பெயரில் இருந்தே ஆக வேண்டும்.

குழந்தைக்கு அரைமணி நேரத்தை அட்டவணையிலேயே எழுதிவிடுங்கள். கதையோ, குளிப்பாட்டுவதோ, அந்த அரைமணியில் போன் வேண்டாம். அதற்குப் பிறகு கதவைச் சாத்தினால் குழந்தை அவ்வளவாகத் தட்டாது. நாள் முழுக்க ‘இதோ வரேன், இதோ வரேன்’ என்று சொன்னால்தான் தட்டிக்கொண்டே இருக்கும்.

விசேஷங்களுக்கு முன்கூட்டியே ஒரு கோடு போடுங்கள். உடன்பிறந்தவர் கல்யாணம் என்றால் முழுதாகப் போங்கள், அந்த நாட்களைக் கணக்கில் கழித்துவிடுங்கள். சித்தப்பா பெண், மாமா பையன் என்றால் ரிசப்ஷனுக்கு ஒரு மணி நேரம். மற்றதற்கு மொய்யை அம்மாவிடம் கொடுத்தனுப்பினால் போதும். வராததற்குச் சிலர் வருத்தப்படத்தான் செய்வார்கள். பத்திரிகை வைக்க வரும்போதே தேர்வுத் தேதியைச் சொல்லிவிட்டால் வருத்தம் பாதியாகும்.

ஆபீஸில் மூன்று மாதம் முன்பே லீவைப் பற்றிப் பேசுங்கள். எத்தனை நாள் லீவு கணக்கில் இருக்கிறது, எத்தனை நாள் சம்பளப் பிடித்தம் ஆகும் என்று நீங்களே தாளில் எழுதிக்கொண்டு போங்கள். உங்கள் இடத்தில் யார் பார்ப்பார்கள் என்பதற்கும் ஒரு பெயர் கையில் இருக்கட்டும். பிடித்தம் ஆகும் தொகையை மாதாமாதம் தனியாக ஒதுக்கிவையுங்கள். இஎம்ஐ கவலையோடு கடைசி மாதம் படிக்க முடியாது.

## படிக்கும் வரிசை

1. எது செல்லும் என்று பாருங்கள். வரித் தாள்களுக்கு உங்கள் அட்டெம்டுக்கு எந்தச் சட்டம், எந்தத் திருத்தம் என்பதை இன்ஸ்டிட்யூட் தனியாக அறிவிக்கும். 2025-இல் நிறைவேறிய புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்திருப்பதால், சீனியரிடம் வாங்கிய பழைய புத்தகம் இப்போது முன்னெப்போதையும் விட ஆபத்து. பிரிவு எண்களே மாறிவிட்டன.
2. ஒரே புத்தகம். தாளுக்கு ஒன்று. மூன்று ஆசிரியர்களின் நோட்ஸை வாங்கி அடுக்குகிறவர்கள் எதையும் இரண்டாம் முறை படிப்பதில்லை.
3. பாடத்தை முடித்த அன்றே கணக்கு. ‘முதலில் தியரி எல்லாம், அப்புறம் கணக்கு’ என்ற திட்டத்தில் அந்த ‘அப்புறம்’ வருவதில்லை.
4. பலவீனமான தாளுக்கு முதலிடம். மேலே சொன்ன 39 இதற்காகத்தான். பிடித்த தாளில் 70-ஐ 75 ஆக்குவதைவிட, பயப்படும் தாளில் 35-ஐ 45 ஆக்குவதற்கு உங்கள் காலை நேரத்தைக் கொடுங்கள்.
5. முதல் சுற்றைத் தேர்வுக்கு இரண்டு மாதம் முன்பே முடியுங்கள். முடியவில்லை என்றால் மீதிப் பாடங்களில் மார்க் குறைவாக வருபவற்றை விட்டுவிட்டு ரிவிஷனுக்குப் போங்கள். இரண்டு முறை பார்த்த எண்பது சதவீதம், ஒரு முறை மட்டும் பார்த்த நூறு சதவீதத்தைவிட மார்க் தரும்.

## தப்பு நோட்டு

இந்த அத்தியாயத்தில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். தாளுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு. அதில் பாடக் குறிப்பு வேண்டாம். நீங்கள் செய்த தப்பு மட்டும், இரண்டு வரியில்:

*இண்ட் ஏஎஸ் 116. வாடகை ஆண்டின் தொடக்கத்தில். தொடக்க நாளிலேயே கட்டிய முதல் தவணையையும் லீஸ் லயபிலிட்டியில் சேர்த்துவிட்டேன். அது லயபிலிட்டியில் வராது. ரைட் ஆஃப் யூஸ் அசெட்டில் மட்டும் சேரும்.*

*எஸ்ஏ 570. கோயிங் கன்சர்ன் சந்தேகத்தைக் கம்பெனி சரியாக வெளிப்படுத்தியிருக்கிறது. எம்ஃபஸிஸ் ஆஃப் மேட்டர் என்று எழுதிவிட்டேன். ஒப்பீனியன் மாறாது, ஆனால் கோயிங் கன்சர்னுக்கென்று தனித் தலைப்பு வேண்டும். வெளிப்படுத்தவில்லை என்றால்தான் குவாலிஃபைடு அல்லது அட்வர்ஸ்.*

தேர்வுக்கு முந்தைய நாள் ஆயிரம் பக்கத்தைப் புரட்ட முடியாது. இந்த நாற்பது பக்கத்தை இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடலாம். உங்கள் மார்க் உண்மையில் எங்கே ஒழுகுகிறது என்பது வேறு யாருடைய நோட்ஸிலும் கிடையாது.

## எழுதிப் பழகுவது

முதல் ஐந்து தாளிலும் 30 மார்க் எம்சிக்யூ, 70 மார்க் விரிவான விடை. எம்சிக்யூவில் தப்புக்கு மார்க் பிடிக்க மாட்டார்கள். ஒன்றையும் காலியாக விடாதீர்கள். மூன்று மணி நேரத்தை நூறு மார்க்குக்குப் பங்கிட்டால் மார்க்குக்கு 1.8 நிமிடம். 14 மார்க் கேள்விக்கு 25 நிமிடம்தான். வீட்டில் 40 நிமிடம் எடுத்துச் சரியாகப் போட்ட கணக்கு தேர்வில் போடாத கணக்குக்குச் சமம்.

தேர்வை ஆங்கிலத்தில் அல்லது இந்தியில்தான் எழுத முடியும். தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் இதற்காகத் தயங்க வேண்டியதில்லை. ஆடிட், வரித் தாள்களில் அழகான ஆங்கிலத்துக்கு மார்க் இல்லை. விடையை மூன்று துண்டாக எழுதுங்கள்: சட்டம் என்ன சொல்கிறது, கேள்வியில் என்ன நடந்திருக்கிறது, ஆகவே முடிவு என்ன. ஒவ்வொன்றும் இரண்டு மூன்று சின்ன வாக்கியம். ஸ்டாண்டர்டில் உள்ள முக்கியச் சொற்களை அப்படியே போட்டு அடிக்கோடிடுங்கள். தினம் ஒரு விடை, கையால், கடிகாரம் வைத்து. மூன்று மாதத்தில் கை பழகிவிடும்.

ஆறாவது தாள் புத்தகம் பார்த்து எழுதுவது, நான்கு மணி நேரம். ‘புத்தகம்தான் இருக்கிறதே’ என்று அதற்குப் படிக்காமல் போகிறவர்கள் அறைக்குள் பக்கம் புரட்டியே நேரத்தை முடிக்கிறார்கள். நீங்கள் படித்து, வண்ணச் சீட்டு ஒட்டிய புத்தகத்தை மட்டும் எடுத்துப் போங்கள்.

## கடைசி மாதம்

தேர்வு மதியம் 2 மணிக்கு. நம் ஊரில் சாப்பிட்டவுடன் கண் சொக்கும் நேரம். ஆகவே இந்த மாதத்தில் ஞாயிறுகளில் மாக் டெஸ்டைச் சரியாக 2 மணி முதல் 5 மணி வரை எழுதுங்கள். அன்றைக்குச் சாப்பாடு 12 மணிக்கு, அரை வயிறு. தேர்வன்று சாப்பிடப்போவதையே இந்த ஞாயிறுகளிலும் சாப்பிட்டுப் பாருங்கள்.

இன்ஸ்டிட்யூட் வெளியிடும் ஆர்டிபி, எம்டிபி இரண்டையும் இந்த மாதம் முடியுங்கள். புதிய புத்தகம் எதையும் தொடாதீர்கள். டெலிகிராம் குழுக்களில் ‘நிச்சயம் வரும் கேள்விகள்’ என்று சுற்றுவதைத் திறக்கவே வேண்டாம். அதில் உள்ளதைப் படிக்காமல் விட்டோமே என்ற பதற்றத்தில் தெரிந்ததும் மறக்கும்.

## தேர்வு நாள்

1. முந்தைய நாளே மையத்துக்கு ஒரு முறை போய்ப் பார்த்துவிடுங்கள். அனுமதி அட்டையில் உள்ள முகவரியும் மேப்பில் காட்டும் வாசலும் ஒன்றாக இருக்கும் என்று நம்ப முடியாது.
2. கால்குலேட்டர் 12 இலக்கத்துக்கு மிகாமல், சாதாரணமானதாக, பேட்டரியில் ஓடுவதாக இருக்கட்டும். ஆறு மாதமாகப் பழகியதையே எடுத்துப் போங்கள். ஸ்மார்ட் வாட்ச் வீட்டில் இருக்கட்டும்.
3. 1.45 முதல் 2 மணி வரை வாசிக்கும் நேரம். அந்தப் பதினைந்து நிமிடத்தில் விடக்கூடிய கேள்வி எது என்று முடிவெடுங்கள்.
4. எம்சிக்யூ விடைகளை ஓஎம்ஆரில் உடனுக்குடன் நிரப்புங்கள். கடைசியில் சேர்த்து நிரப்பலாம் என்று வைத்தவர்கள் மணி அடிக்கும்போது வரிசை மாறிக் கட்டம் கறுப்பாக்குகிறார்கள்.
5. வெளியே வந்ததும் விடைகளை ஒப்பிட்டுப் பேசாதீர்கள். நேராக வீட்டுக்கு. அடுத்த தாள் காத்திருக்கிறது.

## உடம்பும் மனசும்

ஆறு மணி நேரத் தூக்கத்தில் கை வைக்காதீர்கள். நள்ளிரவு இரண்டு மணிவரை படித்துவிட்டுக் காலையில் பைக் ஓட்டுவது தேர்வைவிடப் பெரிய ஆபத்து. முந்தைய இரவு தூங்கவில்லை என்றால் அன்று பஸ்ஸிலோ ஆட்டோவிலோ போங்கள். தூக்கம் வராமல் இருக்க மாத்திரை போடவே கூடாது. மாலை ஆறுக்கு மேல் காபி வேண்டாம். கர்ப்பமாக இருப்பவர்களும், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களும் இந்த அட்டவணையை மருத்துவரிடம் காட்டிவிட்டுத் தொடங்குங்கள். குடும்பத்தின் பொருட்டு ஒரு அட்டெம்ட் தள்ளிப்போடுவது தோல்வியில் சேராது.

இரண்டு மூன்று முறை ஃபெயில் ஆனவர்களுக்கு வேறொரு பாரம் இருக்கும். உறவினர்கள் கேட்கும் ‘இன்னும் முடிக்கலையா?’ என்ற கேள்வி, உடன் படித்தவர்களின் புது விசிட்டிங் கார்டு. தூக்கம் போய், சாப்பாடு போய், வாழ்வதே வீண் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே ஒருவரிடம் பேசுங்கள். டெலி மானஸ் எண் 14416. இலவசம், எந்த நேரமும் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள். வீட்டார் இந்த எண்ணை ஃப்ரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டிவைக்கலாம்.

## ரிசல்ட்டுக்குப் பிறகு

பாஸ் என்றால் இந்தப் புத்தகத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

இல்லை என்றால் அன்று மாலை எந்த முடிவும் எடுக்காதீர்கள். வேலையை விடுவது, அடுத்த வகுப்புக்குப் பணம் கட்டுவது இரண்டையும்தான் சொல்கிறேன். ஒரு வாரம் போகட்டும். பிறகு:

1. 60 அல்லது அதற்கு மேல் எடுத்த தாள் உண்டா என்று பாருங்கள். உண்டென்றால் அடுத்த மூன்று தேர்வுகளின் மாதங்களை எழுதிவைத்து எக்ஸம்ப்ஷன் எப்போது முடிகிறது என்று குறியுங்கள்.
2. குறைந்த மார்க் வந்த தாளின் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பியுங்கள். முடிவு வந்த ஒரு மாதத்துக்குள் கேட்க வேண்டும். மறுகூட்டலில் மார்க் ஏறுமா என்ற நப்பாசைக்காக அல்ல. உங்கள் கையெழுத்தில் எங்கே நேரம் போனது, எந்தக் கேள்வி பாதியில் நின்றது என்று பார்ப்பதற்காக.
3. நகலைத் தப்பு நோட்டோடு ஒப்பிடுங்கள். நோட்டில் இருந்தும் மறுபடி செய்த தப்புகளைச் சிவப்பில் வட்டமிடுங்கள்.
4. இந்த அத்தியாயத்தின் முதல் பகுதிக்குப் போய் ஆபீஸ், வீட்டுப் பட்டியலைப் புதிதாக எழுதுங்கள். அடுத்து வரும் அட்டெம்ட் ஒத்துவரவில்லை என்றால் அதை விட்டு அதற்கு அடுத்ததற்கு விண்ணப்பியுங்கள்.